விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருகிற பிள்ளைகளுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை. நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடையில் போட எனக்கு மனசு வராது. உங்களுக்கும் வராது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். அதை வேறொரு கணினியில் செருகி, திறக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் தவறான பார்ட்டிஷனை அழித்து, மகளின் சின்ன வயதுப் படங்களை இழந்தவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

2. உங்கள் பிழைப்பு எந்த மென்பொருளில் நடக்கிறது? டாலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் எதுவும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவற்றை நம்பியிருப்பவர்கள் விண்டோஸை விட்டுவிட வேண்டாம். பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொள்ளுங்கள். கடிதமும் கணக்கும் மட்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் போதும்.

3. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். வட்டில் எதையும் தொடாமலே வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம்.

4. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள்.

5. நிர்வாகி அதிகாரத்தோடு ஓடுகிற, ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளையை, அது என்ன செய்யும் என்று தெரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

6. தமிழில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதிய கட்டுரையும் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வந்து லினக்ஸில் நிறுவினால் படிக்க முடியும். ஆனால் அது தற்காலிக வழிதான். யூனிகோடுக்கு மாற்றி வைத்தால்தான் தேடவும் முடியும், கைபேசியில் படிக்கவும் முடியும். தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸில் தமிழ்99-உம் உண்டு, பழைய டைப்ரைட்டர் முறையும் உண்டு. பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை.

அந்தப் பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த வாரமே, உங்கள் தமிழ்க் கோப்புகளை மாற்றத் தொடங்குங்கள்.