தவக்காலத்தில் அமைதிக்கு ஓர் இடம்

திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாள் வரை, ஞாயிறுகளை விலக்கி எண்ணப்படும் 40 நாள்களே தவக்காலம். சீர்திருத்தத் திருச்சபையினர் இதனை லெந்து காலம் என்பர். வீட்டு இரைச்சலுக்கு நடுவே அதனைக் கடைப்பிடிக்கச் சில வழிகள்:

1. விடியலில், கைபேசியைத் தொடுவதற்கு முன், 15 நிமிடம் ஒதுக்கி நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்க. இடம் மாறாதிருந்தால் மனம் விரைவில் அடங்கும்.

2. அன்றைய நற்செய்திப் பகுதியை மெதுவாக இருமுறை வாசித்து, உள்ளத்தில் தைத்த ஒரு சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு, அதனையே மன்றாட்டாக்கி, பின்னர் மௌனமாக அமர்க. துறவியர் மடங்களில் வளர்ந்த, 'லெக்சியோ திவினா' எனப்படும் இந்த முறையில் வாசித்த அளவைவிட ஊன்றிய ஆழமே பெரிது. அதிகாரம் முழுவதையும் முடித்தாக வேண்டும் என்ற பதற்றம் இங்கே தேவையற்றது.

3. வெள்ளி மாலையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளைக் குடும்பமாகத் தியானிக்க. கோயிலுக்குச் செல்ல இயலாத முதியோரும் இதில் பங்குபெறலாம்.

4. ஒறுத்தல், அதாவது தன் விருப்பைத் தானே அடக்குதல், உணவோடு நின்றுவிடாமல் வீண்பேச்சையும் குறைக்க. வாய் ஓயாதவர்க்கு வயிற்று நோன்பு எளிது.

கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாள்கள். உடல்நலம் குன்றியோருக்கு விலக்கு உண்டு.