ஜோர்ஜ் டவுன் உணவும் உழைப்பாளர் வரலாறும்

வரலாறு என்பது பாடநூலில் மட்டுமே உள்ளது என்று நாம் எண்ணுதல் வேண்டா. அன்றாடம் உண்ணும் உணவிலும் வரலாறு உண்டு. பினாங்குத் தலைநகரான ஜோர்ஜ் டவுனில் காலை முதல் இரவு வரை உண்ணப்படும் உணவுகள் சிலவற்றை இக்கட்டுரையில் காண்போம். அவை யாருடைய பசியைத் தீர்த்தன என்பதையும் அறிவோம்.

நகரின் பிறப்பு

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்பவர் இத்தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவினார். துறைமுகம் வளர்ந்தது. தமிழகம், சீனம், சுமத்திரா முதலிய இடங்களிலிருந்து வணிகரும் உழைப்பாளரும் வந்து குவிந்தனர். 1801-ஆம் ஆண்டில் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தோன்றியது. 1833-ஆம் ஆண்டில் குயின் தெருவில் மகா மாரியம்மன் ஆலயம் எழுந்தது. பின்னாளில் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர், நாகப்பட்டினத்தில் கப்பலேறி முதலில் வந்திறங்கிய கரையும் பினாங்கே ஆகும்.

காலை

காலை உணவு உண்பதை நம் நாட்டுத் தமிழர் 'பசியாறுதல்' என்பர். உணவின் பயனையே பெயராகக் கொண்ட இனிய சொல் அது. ஜோர்ஜ் டவுனில் தமிழர் உணவால் பசியாறுவோர் தமிழர் மட்டுமல்லர். நம் அப்பத்தை மலாய்க்காரர் 'அப்போம்' என்கின்றனர். இடியாப்பம் 'புத்து மாயாம்' என்னும் பெயரில் தேங்காய்ப் பூவுடனும் சர்க்கரையுடனும் விற்கப்படுகிறது. 'ரொட்டி பெங்காலி' என்றொரு ரொட்டியும் இங்கே புகழ்பெற்றது. வேலையாட்களும் பங்குதாரராக இருந்த கடையில் அது செய்யப்பட்டதால், 'பங்காளி' என்னும் தமிழ்ச்சொல்லே இவ்வாறு திரிந்தது என்று கூறுவர்.

நண்பகல்

பினாங்கின் பெயர் சொன்னவுடன் நினைவுக்கு வருவது 'நாசி கண்டார்'. மலாய் மொழியில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் தண்டு வைத்துச் சுமத்தல். முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர் தண்டின் ஒரு முனையில் சோற்றுக் கூடையையும், மறுமுனையில் குழம்புக் கூடையையும் தொங்கவிட்டு, வெயிலில் தெருத்தெருவாக நடந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் அச்சோற்றை வாங்கி உண்டனர்.

பெற்றோர்களே! தோட்டத்தில் ரப்பர்ப் பால் வாளிகளைச் சுமந்த காண்டாக் கம்பை நீங்கள் அறிவீர்கள். அதுவும் இதே சுமைதான். அங்கே தோளில் பால். இங்கே தோளில் சோறு. இன்று குளிரூட்டிய உணவகங்களில் விற்கப்பட்டாலும், அவ்வுணவு தன் பெயரில் அந்தத் தோளின் உழைப்பைத் தாங்கி நிற்கிறது. அக்கடைக்காரரை மக்கள் 'மாமாக்' என்று அழைப்பதும் நம் 'மாமா' என்னும் உறவுச்சொல்லிலிருந்து வந்ததே.

மாலையும் இரவும்

வெயில் தணிந்ததும் மக்கள் கடற்கரையை நாடுவர். அங்கே வெள்ளரி, தவ்வு, மாவுப் பலகாரங்கள் ஆகியவற்றை நறுக்கி, காரமும் இனிப்பும் கலந்த குழம்பை ஊற்றித் தரும் 'பசெம்பூர்' கிடைக்கும். பினாங்கு சாலையருகே தேங்காய்ப் பாலும் சர்க்கரைப் பாகும் துருவிய பனிக்கட்டியும் சேர்ந்த 'செண்டோல்' கிடைக்கும். இரவில் சீனர் கடைகளில் 'சார் குவே தியோவ்' வறுக்கும் மணம் வீசும். தட்டையான அரிசி மாவு மீயைக் கொண்டு செய்யப்படும் அதுவும், தொடக்கத்தில் உழைப்பாளரின் மலிவான உணவாகவே இருந்தது.

நாம் அறிய வேண்டியது

2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவுடன் ஜோர்ஜ் டவுனையும் உலக மரபுடைமையாக அறிவித்தது. பழங்கட்டடங்களைக் காக்கச் சட்டம் உண்டு. உணவின் வரலாற்றைக் காப்பதோ மக்களின் நினைவே. முதியோர் சொல்லாமலும் இளையோர் கேளாமலும் இருந்துவிட்டால், பெயர் நிலைத்தாலும் பொருள் மறைந்துவிடும்.

ஆகவே, தெருவோரம் அடுப்பருகே நிற்பவரை இழிவாக எண்ணலாகாது. அவரை ஐயா என்றும் அக்கா என்றும் மதித்து அழைப்போம். உணவை வீணாக்காதிருப்போம். பிற இனத்தார் விலக்கும் உணவை அறிந்து, அவர் மனம் நோகாமல் ஒன்றாக அமர்ந்து உண்போம். சுமை தூக்கியவர் ஈட்டிய பொருளால் பிள்ளைகள் படித்தனர் என்பதை மறவாதிருப்போம்.

பயிற்சி

1. 'நாசி கண்டார்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. மலாய் மொழியில் வழங்கும் தமிழ் உணவுப் பெயர்கள் இரண்டினைக் கூறுக.
3. உங்கள் பாட்டனார், பாட்டியார் வேலைக்காட்டுக்கு எடுத்துச் சென்ற உணவு யாது? அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.