செயலியோடு ஆளும் வர வேண்டும்

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. இன்னும் நிற்கவில்லை. செல்போன் செயலியைப் பார்த்தே பயிற்சி கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சுரண்டை

பதில்: செயலியை மட்டும் நம்பாதீர்கள், அம்மா. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் பக்கத்து ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்றொரு செயலியைப் பயன்படுத்துகிறது. வீட்டுக்கு வரும் மறுவாழ்வுப் பணியாளர் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, தலை நிற்கிறதா, பிடித்து எழுகிறதா என்று பார்த்து அதில் பதிகிறார். நிபுணர்கள் தொலைவிலிருந்தே அதைப் பார்த்து, அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அலைவது குறைகிறது. தாய்க்கு ஒருநாள் கூலியும் மிச்சம். அந்த ஆள் மறுபடி வாசலில் வந்து நிற்பதால்தான் குடும்பங்கள் செயலியை நம்புகின்றன என்பேன்.

இந்த வாரமே பேரனை ஆய்க்குடிக்குக் கூட்டிப்போங்கள்.