வீட்டில்தானே இருக்கிறாய்?

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் வேலை. குழந்தைக்கு ஏழு மாதம். பேறுகால விடுப்பு முடிந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்று சமையல், குழந்தை எல்லாம் என் தலையில். வேலையை விட்டுவிடட்டுமா?
– வாசகி, கோவை

பதில்: இப்போது வேண்டாம். தூக்கமில்லாத மாதங்களில் ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது.

மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், 26 வார விடுப்புக்குப் பிறகும், வேலை இடம்கொடுத்தால், இரு தரப்பும் பேசி முடிவுசெய்யும் நிபந்தனைகளோடு வீட்டிலிருந்து பணிபுரிய வழி விட்டது. ‘பேசி முடிவுசெய்யும்’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதம், எந்த நேரத்தில் மீட்டிங் கூடாது என்பதை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். மேனேஜரின் வாய்வார்த்தை, அவர் வேறு டீமுக்குப் போகும்வரைதான். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு. அதையும் கேளுங்கள். வாரம் இரண்டு நாள் அலுவலகம் போனால், நீங்கள் செய்வது வேலைதான் என்று வீட்டாருக்கும் உறைக்கும்.

ஆமாம், உங்கள் கடிதத்தில் கணவரைக் காணோமே! காலை பத்திலிருந்து ஒரு மணிவரை குழந்தை யார் பொறுப்பு என்று அவரிடம் இன்றே கேளுங்கள். அவரால் முடியாதென்றால் ஆள் வைக்கலாம். அந்தச் சம்பளத்தை உங்கள் வருமானத்தில் மட்டும் கழித்துவிட்டு, ‘என்ன மிஞ்சுகிறது?’ என்று கணக்குப் போடாதீர்கள். பாதியை அவர் வருமானத்தில் கழியுங்கள்.