வெள்ளிக்கிழமை பாஸ்தாவும் பவுன்ஸ் ஆன எஸ்ஐபியும்



சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு மாசம் என்னோட எஸ்ஐபி பவுன்ஸ் ஆச்சு. கார்டு பில் கட்டினதும் அக்கவுண்ட் காலி. பேங்க்ல அதுக்குத் தனியா அபராதம் வேற பிடிச்சாங்க. ஊர்ல இருக்கற கம்பெனிக் கணக்கையெல்லாம் ஆடிட் பண்றவன், சொந்தக் கணக்குல கோட்டை விட்டுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஆபீஸ்ல பண்ற மாதிரியே வரி வரியா டிக் அடிச்சேன். பெரிய செலவுன்னு எதுவுமே இல்ல. ஆனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே என்ட்ரி: எனக்கும் ரூம்மேட்டுக்கும் பாஸ்தா, கிட்டத்தட்ட 850 ரூபாய். மாசத்துக்கு நாலு தடவை, 3,400 ரூபாய். என் எஸ்ஐபி தொகை 3,000!

அம்மாகிட்ட சொன்னா, "ரசம் சாதம் வெச்சு சாப்பிடுப்பா"ன்னாங்க. நியாயமான அட்வைஸ்தான். ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி நாக்கு கேட்கறது ரசம் இல்லையே. அதனால நாக்கு கேட்கறதையே வீட்ல செய்யக் கத்துக்கிட்டேன். இன்னைக்குப் பாடம் அதுதான்: முதல்ல சமையல், அப்புறம் கணக்கு.

எந்த பாஸ்தா?

ஸ்பகெட்டி ஆல்யோ எ ஓல்யோ. இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கத்து அயிட்டம். ஆல்யோன்னா பூண்டு, ஓல்யோன்னா எண்ணெய். பேர்லயே பாதி ரெசிபி இருக்கு. ஃப்ரெண்ட்ஸோட சுத்திட்டு லேட்டா வீடு திரும்பினா, வீட்ல இருக்கறதை வெச்சு நள்ளிரவுல செஞ்சு சாப்பிடறது அங்க வழக்கம். கிரீம், ஒயிட் சாஸ் எதுவும் கிடையாது. சீஸ்கூடக் கட்டாயம் இல்ல.

கடையில் என்ன பார்க்கணும்?

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. "டியூரம் கோதுமை ரவை"ன்னு இருக்கணும். இத்தாலியில தயாராகி அங்கேயே விற்பனையாகற உலர்ந்த பாஸ்தாவுக்கு இது 1967-லேயே சட்டமாகிடுச்சு. மைதா கலந்ததை வாங்கினா சீக்கிரம் குழைஞ்சு, கொழகொழன்னு ஆகிடும்.

ரெண்டு பேருக்குத் தேவையானது: ஸ்பகெட்டி 200 கிராம், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் ஆயில் 4 டேபிள்ஸ்பூன், நாட்டுப் பூண்டுன்னா 10 பல் (பெரிய பூண்டுன்னா 6 போதும்), காய்ஞ்ச மிளகாய் 2, உப்பு, ஒரு கைப்பிடி பார்ஸ்லி. பார்ஸ்லி கிடைக்கலைன்னா கொத்தமல்லி. ருசி மாறும், ஆனா நல்லாவே இருக்கும்.

செய்முறை

1. இத்தாலிக்காரங்க கணக்கு ரொம்ப சிம்பிள்: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு. நமக்கு 2 லிட்டர், 20 கிராம். ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல வரும். பயப்படாதீங்க, பெரும்பாலான உப்பு தண்ணியோட போயிடும்.

2. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் ஸ்பகெட்டியைப் போடுங்க. தண்ணியில எண்ணெய் ஊத்த வேண்டாம். பாக்கெட்ல 9 நிமிஷம்னு இருந்தா 7-வது நிமிஷமே எடுத்துடணும். மீதி வேக்காடு கடாயில நடக்கும்.

3. அது வேகற நேரத்துல, பூண்டை மெல்லிசா சீவி, சூடாகாத எண்ணெயில போட்டு, அடுப்பை சிம்ல வைங்க. நம்ம தாளிப்பு மாதிரி எண்ணெய் காயணும்னு காத்திருக்கக் கூடாது. பூண்டோட ஓரம் லேசா பொன்னிறமானதும் மிளகாயைக் கிள்ளிப் போடுங்க. உடனே பாஸ்தா வெந்த தண்ணி ஒரு கரண்டி ஊத்துங்க. பூண்டு அதுக்கு மேல கருகாது.

4. வடிகட்டறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி எடுத்து வைங்க. இதை மறந்தா சாஸே கிடையாது. வடிச்ச பாஸ்தாவைக் குழாய்த் தண்ணியில அலசாதீங்க.

5. பாஸ்தாவைக் கடாயில போட்டு, தீயைக் கூட்டி, எடுத்து வெச்ச தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு 2 நிமிஷம் நல்லா புரட்டுங்க. தண்ணியில இருக்கற ஸ்டார்ச் எண்ணெயோட கலந்து, சாஸ் மாதிரி பளபளன்னு ஒட்டிக்கும். கடிச்சா நடுவுல லேசா ஒரு உறுதி தெரியணும். பார்ஸ்லி தூவி உடனே சாப்பிடுங்க. ஆறினா ஒட்டிக்கும்.

முதல் தடவை நான் போனைப் பார்த்துக்கிட்டே பூண்டைக் கருக்கிட்டேன். தட்டு முழுக்கக் கசப்பு. பூண்டு கருகினா காப்பாத்த வழியில்ல. எண்ணெயைக் கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்க. 78 ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான்.

இப்போ கணக்கு

என் கடை பில்படி, 500 கிராம் ஸ்பகெட்டி 180 ரூபாய், அரை லிட்டர் ஆலிவ் ஆயில் 650. ஒரு வேளைக்கு: ஸ்பகெட்டி 72, எண்ணெய் 78, மத்ததெல்லாம் சேர்த்து 20. மொத்தம் 170. ஒரு ஆளுக்கு 85 ரூபாய்.

"அப்போ முதல் நாளே 680 ரூபாய் லாபமா?"ன்னு கேட்டா, இல்ல. இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க. முதல் நாள் உங்க கையை விட்டுப் போனது 180 + 650 + 20 = 850. அதாவது, ஆர்டர் பண்ணியிருந்தா ஆகற அதே செலவு! ஒரே ஒரு தடவை செஞ்சுட்டு பாட்டிலை அலமாரியில மறந்துட்டா, நீங்க எதுவும் மிச்சம் பிடிக்கல. பாத்திரம் கழுவினது மட்டும்தான் கூடுதல். கம்பெனி கணக்குல இதை டெட் ஸ்டாக்னு சொல்லுவோம்.

சேமிப்பு ரெண்டாவது வெள்ளிக்கிழமைதான் ஆரம்பிக்குது. அந்த பாட்டில் 8 தடவைக்கு வரும். 8 வாரத்துக்கு எண்ணெய் 650, ஸ்பகெட்டி 4 பாக்கெட் 720, மத்தது 160. மொத்தம் 1,530 ரூபாய். ஆர்டர் பண்ணினா 6,800. வித்தியாசம் 5,270.

அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரே சமயத்துல அஞ்சு ரெசிபிக்குப் பொருள் வாங்கிக் குவிக்காதீங்க. ஒரு டிஷ்ஷை எடுத்து, வாங்கின பாட்டில் காலியாகற வரைக்கும் செய்யுங்க. நாலாவது தடவை கை தானா பழகிடும்.

ரெண்டாவது, சாப்பிட்டு முடிச்சதும் அதே ராத்திரி 600 ரூபாயை வேற சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு மாத்திடுங்க. சம்பள அக்கவுண்ட்லயே கிடந்தா அது மிச்சமே இல்ல, அடுத்த வாரம் வேற ஏதோ ஒரு பேர்ல கரைஞ்சுடும். முதல் மாசம் நானும் மாத்தாமதான் விட்டேன், காணாம போச்சு. மாத்த ஆரம்பிச்ச பிறகு என் எஸ்ஐபி ஒரு தடவைகூட பவுன்ஸ் ஆகல.

இந்த வெள்ளிக்கிழமை அடுப்பைப் பத்த வைங்க. போனை மட்டும் ஹால்லயே வெச்சுட்டு வாங்க!