ஃபீல்டு புக்கைத் திற, தங்கச்சி

நிலக்கடலை ஸ்கோர் எல்லாம் எடுத்தாச்சு, எந்த டெஸ்ட்னு மட்டும் சொல்லுக்கான்னு படான்செருவுல இருந்து மெசேஜ் போட்டிருக்கே. லேப்டாப்பை மூடு, ஃபீல்டு புக்கைத் திற. முக்கால்வாசி பதில் அதுலதான் இருக்கு.

அங்க இருக்கற இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல இலைப்புள்ளி நோய்க்கு 1 முதல் 9 வரை ஸ்கோர் குடுப்பாங்க. 1னா நோயே இல்ல. 9னா இலை கிட்டத்தட்ட எல்லாம் போச்சு. 4ஐ விட 8 மோசம், சரி. ஆனா ரெண்டு மடங்கு நோயான்னா, அப்படிச் சொல்ல முடியாது. இந்த மாதிரி டேட்டாவுக்கு சராசரியும் டி-டெஸ்டும் சரிப்படாது. ரேங்க்தான்.

கையாலேயே ஒரு தடவை போட்டுப் பாரு. மருந்து அடிச்ச நாலு தனித்தனி பிளாட்ல 3, 4, 4, 6. அடிக்காத நாலுல 6, 7, 7, 8. எட்டையும் ஒண்ணா வரிசைப்படுத்து. சமமா வர்றதுக்கு ரேங்க்கைப் பங்கு போடு: ரெண்டு 4க்கும் 2.5, ரெண்டு 6க்கும் 4.5. மருந்து அடிச்ச பக்கம் கூட்டினா 10.5, அடிக்காத பக்கம் 25.5. ரெண்டும் சேர்ந்து 36 வரலைன்னா எங்கயோ தப்பு. மான்-விட்னி டெஸ்ட்னா இவ்வளவுதான். 1945-ல இந்த வழியை எழுதின ஃப்ராங்க் வில்காக்சன் ஒரு கெமிஸ்ட். ஈ கொல்ற மருந்து டேட்டாவை வச்சுதான் விளக்கினார். நம்ம ஆளு!

பிளாட் எண்ணிக்கையைப் பாரு. பக்கத்துக்கு மூணே மூணுன்னா, எவ்வளவு தெளிவாப் பிரிஞ்சாலும் துல்லியமான இருபக்க பி-வேல்யூ 0.1க்குக் கீழ இறங்காது. நாலு நாலுன்னாதான் 0.03 வரைக்கும் போகும். ஒரே பிளாட்ல பத்துச் செடி பார்த்துட்டு பத்து சாம்பிள்னு எழுதிடாதே, வைவால மாட்டுவே.

பிளாக் பிரிச்சு நட்டியா? அப்போ மான்-விட்னி, க்ரஸ்கல்-வாலிஸ் பக்கமே போகாதே. ஒவ்வொரு பிளாக்குலயும் மூணு நாலு ரகம் இருந்தா ஃப்ரீட்மன் டெஸ்ட். 1937-ல அதைச் சொன்ன மில்டன் ஃப்ரீட்மன்தான் பின்னாடி பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவர். ரெண்டே ரகம்னா சைன் டெஸ்ட். அதுக்கும் 6 ஜோடியாவது வேணும்.

தனித்தனி பிளாட்ல நாலு ரகம்னா க்ரஸ்கல்-வாலிஸ். அது "எங்கயோ வித்தியாசம் இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லும். உடனே ஆறு ஜோடிக்கும் தனித்தனியா மான்-விட்னி ஓட்டாதே. டன் டெஸ்ட் போட்டு, ஹோம் திருத்தமும் சேர்த்துக்கோ.

எல்லாத்துக்கும் ரேங்க்குன்னு ஓடவும் வேண்டாம். ஹைதராபாத் தார்நாக்கால ஊட்டச்சத்து ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட கேளு, ரத்தத்துல ஃபெரிட்டின் அளவு ஒரு பக்கமா நீளும். லாக் எடுத்தாலே பல தடவை டி-டெஸ்டுக்கு அடங்கிடும். காய் எடை, எண்ணெய்ச் சத்து மாதிரி அளந்த கணக்குக்கு முதல்ல ஆனோவாவே போட்டுப் பாரு.

தீசிஸ்ல மீடியனையும் கால்மான வீச்சையும் குடு. ரெண்டு குழுவோட பரவலும் ஒரே வடிவத்துல இல்லைன்னா, மான்-விட்னியை வச்சு "மீடியன் வேற"ன்னு எழுதாதே. "இந்தப் பக்கம் ஸ்கோர் பெரும்பாலும் அதிகம்"னு எழுது.

ஆர் மென்பொருள்ல மான்-விட்னியை ஓட்டறப்போ சம ஸ்கோர் இருக்கு, துல்லியமான பி-வேல்யூ வராதுன்னு எச்சரிக்கை காட்டலாம். 1-9 ஸ்கோர்ல சம ஸ்கோர் வராம இருந்தாத்தான் அதிசயம். 'காயின்' பேக்கேஜை இறக்கி, அதுல எக்ஸாக்ட்னு குடுத்து ஓட்டு, வந்துடும்.