பழைய லேப்டாப்: புதிது வாங்கும் முன் ஒரு பாடம்



பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. அதற்குள் "வாப்பா, லேப்டாப் வேணும்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. கையில் ரொக்கம் இருக்காது. கடைக்காரர் மாதத் தவணை என்பார். கணக்குப் பார்த்தால் அதற்குள் வட்டி இருக்கும். வட்டியின் தீமையைப் பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பிள்ளையின் படிப்பு என்று வரும்போது தடுமாறிவிடுகிறோம்.

அதே வீட்டு அலமாரியில் மூத்த பிள்ளையின் லேப்டாப் ஒன்று "ரொம்ப ஸ்லோ" என்று துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். 2011 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் பல வீடுகளில் இப்படிக் கிடக்கின்றன. அது இன்னும் சில ஆண்டுகள் ஓடுமா, ஓடாதா? கடன் வாங்கும் முன் இதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தப் பாடம்.

நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொள்வார்கள், ஆடையில் கிழிசலைத் தாமே சரிசெய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இருப்பதைச் சீர்செய்து பயன்படுத்துவதில் குறைவு ஒன்றும் இல்லை.

1. முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

எதையும் கழற்றும் முன், சான்றிதழ்கள், குடும்பப் படங்கள், படிப்புக் குறிப்புகள் அனைத்தையும் பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். லேப்டாப்புக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் செய்யாமல், மிக முக்கியமானவற்றை மட்டும் முதலில் நகல் எடுங்கள்.

2. ஏன் ஸ்லோ? ஐந்து நிமிடச் சோதனை

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போய், வழக்கமான வேலையைச் செய்துகொண்டே கவனியுங்கள்.

'டிஸ்க்' அடிக்கடி 100 சதவீதத்தில் நின்றால், ஹார்ட் டிஸ்க்தான் தடை. 'மெமரி' எப்போதும் 85, 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ரேம் போதவில்லை. இரண்டும் குறைவாக இருந்து 'சிபியு' மட்டும் உச்சத்தில் நின்றால், வைரஸோ வேண்டாத மென்பொருளோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் பிராசஸரே பழையது. அதற்குச் செலவு செய்து பயனில்லை.

'ஸ்டார்ட்அப்' பகுதியையும் பாருங்கள். லேப்டாப் ஆனாகும்போதே தானாகத் தொடங்கும் தேவையற்ற மென்பொருள்களை அங்கே நிறுத்திவிடலாம். இதற்குக் காசு செலவில்லை.

3. எதற்குச் செலவு செய்யலாம்?

முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுழல்கிறது. பல லேப்டாப்களில் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒவ்வொரு கோப்பையும் அதன் முள் தேடிப்போய்ப் படிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. பழைய டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் படிக்கும் இடத்தில், அதே சாட்டா இணைப்பில் பொருத்தும் எஸ்எஸ்டி 500 எம்பி வரை படிக்கும். சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. ஆனாவதற்குப் பல நிமிடம் எடுத்த லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடுவது இதனால்தான். 2.5 அங்குல சாட்டா வகையில் 240 அல்லது 256 ஜிபி ஒரு மாணவருக்குப் போதும்.

இரண்டாவது செலவு ரேமுக்கு. கல்லூரி வேலைக்கு 4 ஜிபி குறைந்தபட்சம். 8 ஜிபி இருந்தால் நிம்மதி. டாஸ்க் மேனேஜரின் 'மெமரி' பக்கத்தில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 ஆகியவற்றில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இஷ்டத்துக்குப் போட முடியாது. பழைய ரேமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச்சென்று அதே வகையைக் கேட்பது நல்லது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்ட முடியாது. மாடல் எண்ணைக் கொண்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் இதை முன்பே பார்த்துவிடுங்கள்.

நீங்களே பொருத்துவதானால்: சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஜன்னல் கம்பி போன்ற இரும்பை ஒருமுறை தொட்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போய்விடும். எந்த ஸ்க்ரூ எந்தத் துளைக்கு என்று தாளில் வரைந்து வையுங்கள். ரேமைச் சாய்வாக நுழைத்து, 'டக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்த வேண்டும்.

4. ஆனாகவில்லையா?

சார்ஜர் விளக்கு எரிகிறதா? பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா? வேறு சார்ஜர் போட்டுப் பார்ப்பதானால் பின் பொருந்துவது மட்டும் போதாது. வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

பிறகு சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். சார்ஜரை மட்டும் இணைத்து ஆன் செய்யுங்கள். பல லேப்டாப்கள் இதிலேயே உயிர்பெற்றுவிடும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பாக இருக்கிறது என்றால், ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். அப்போதும் வரவில்லையா? எச்டிஎம்ஐ ஒயரால் வீட்டு டிவியில் இணையுங்கள். டிவியில் படம் தெரிந்தால் திரையிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான் கோளாறு. மற்றவை நன்றாக இருக்கின்றன.

ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தப்பாகி, 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். போர்டில் இருக்கும் காசு அளவுள்ள சிறிய பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றினால் சரியாகிவிடும்.

5. சூடும் பேட்டரியும்

கொஞ்ச நேரத்தில் சூடாகித் தானாக அணைந்தால், ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது. மெத்தை மேல் வைத்து வேலை செய்வதும் ஒரு காரணம். காற்று போகும் துளை அடைபடுகிறது. தூசியை ஊதும்போது ஃபேன் அதிவேகமாகச் சுற்றாமல் இறகை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு ஓடிய லேப்டாப்பில் பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கடையில் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. எந்த விண்டோஸ்?

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத லேப்டாப்பில் வங்கி வேலை செய்வது ஆபத்து. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 ஆகியவை வேண்டும். பிராசஸரும் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் நல்ல வழி. அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய கருவியிலும் இலகுவாக ஓடும். எழுத்து வேலைக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆஃபீஸ் அதிலேயே இருக்கிறது. தமிழும் அரபியும் தட்டச்சு செய்யலாம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மட்டும் நிறுவலாம். கல்லூரியில் கேட்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். 'கிராக்' செய்த விண்டோஸ் வேண்டாம். அது அடுத்தவர் உழைப்பை உரிமையின்றி எடுப்பது. பல நேரம் வைரஸையும் கூட்டிக்கொண்டு வரும்.

7. எப்போது நிறுத்த வேண்டும்?

ஆகும் மொத்தச் செலவையும் முதலிலேயே எழுதிக் கூட்டுங்கள். அது, அதே தரமுள்ள நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். மதர்போர்டு போனால் பெரும்பாலும் இந்த நிலைதான். உதவாத கருவியில் பணத்தைக் கொட்டுவதும் வீண்விரயமே. அப்போதும் தவணைக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. இருக்கும் பணத்துக்கு, எஸ்எஸ்டி போட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றை நேரில் சோதித்து ரொக்கமாக வாங்கலாம்.

8. கடையில் கொடுக்கும்போது

நம் வீட்டுப் பெண்களின் படங்கள், ஆதார் நகல், வங்கி விவரங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவை நம் கையிலுள்ள அமானத். நகல் எடுத்தபின் லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள்; முடிந்தால் வேலை முடியும்வரை அங்கேயே இருங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கட்டாயம் திரும்ப வாங்குங்கள். நல்ல நிலையில் இருந்தால், யூஎஸ்பி கேஸில் போட்டு நகல் வைக்கப் பயன்படுத்தலாம்.

யாருக்காவது ஸதகாவாகக் கொடுப்பதானால், வெறுமனே டெலிட் செய்தால் போதாது. அழித்த கோப்பை மீட்டெடுக்க முடியும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ரீசெட்' செய்யும்போது, எல்லாவற்றையும் நீக்கி டிரைவைத் துடைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அதோடு, கொடுப்பது ஓடும் நிலையில் இருக்கட்டும். நாம் வாங்கிக்கொள்ளத் தயங்கும் பொருளை ஏழைப் பிள்ளைக்குத் தள்ளிவிடுவது தர்மமாகாது.

இந்த வாரப் பயிற்சி

அலமாரியிலுள்ள லேப்டாப்பைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து திறந்து, மாடல் எண், ரேம் அளவு, டிஸ்க் வகை, பேட்டரி நிலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். அதன் பிறகு, புதிது வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும், நம் பொருளாதாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வட்டியின் பக்கம் போகாமல் நம்மைக் காப்பானாக. ஆமீன்.